ஸ்ப்ரே வேக்ஸ்: ஈரத்தோடு அடிப்பதா, காய்ந்த பிறகு அடிப்பதா?

கார் பெயின்ட்டின்மேல் தெளித்துத் துடைக்கும் மெழுகுத் திரவம்தான் ஸ்ப்ரே வேக்ஸ். பல பாட்டில்களில் இரண்டு முறையும் எழுதியிருக்கும். கழுவிய கார் ஈரமாக இருக்கும்போதே அடித்துத் துடைக்கலாம், இல்லை நன்றாகக் காய்ந்த பிறகும் செய்யலாம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு இப்போது காய்ந்த பெயின்ட்டில் மட்டும்தான் அடிக்கிறேன். என் கார் கறுப்பு, அதில் ஒரு சின்னக் கோடு விழுந்தாலும் தூரத்திலிருந்தே தெரியும். நான் சொல்வதில் அந்த நிறத்துக்கும் பங்கு உண்டு.

நிழலில் நிறுத்துவது, பானெட் சூடு ஆறும் வரை காத்திருப்பது, அழுக்கு துளியும் இல்லாமல் கழுவுவது, இதெல்லாம் இரண்டு முறைக்கும் பொது. புறங்கையை பானெட்மேல் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தாலே பொறுத்திருங்கள். இந்தத் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான், மெழுகும் பாலிமரும் அதில் நுண்துளிகளாகக் கலந்திருக்கும். சூட்டில் தண்ணீர் முதலில் பறந்துவிடும், மீதி அடித்த இடத்திலேயே திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

ஈர முறையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எப்படியும் காரைத் துடைத்தாக வேண்டும், அந்தத் துடைப்பிலேயே வேக்ஸும் முடிந்துவிடுகிறது. மேலே தண்ணீர் நிற்பதால் துணி வழுக்கிக்கொண்டு போகிறது, வேக்ஸும் மெல்லிசாகப் பரவுகிறது. வெள்ளை, வெள்ளி நிறக் கார் வைத்திருப்பவருக்கு இதுவே போதும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்த நிறங்களில் எனக்குப் பழக்கம் குறைவு.

என்னை மாற்றியது துணி. கோடும் மங்கலும் ஏன் வருகின்றன என்று யோசித்தால், எவ்வளவு அடித்தோம் என்பதைவிட மிச்சத்தை எவ்வளவு திரும்ப எடுத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெயின்ட்டில் தங்க வேண்டியது கண்ணுக்கே தெரியாத படலம், அதற்கு மேல் இருப்பதெல்லாம் துணிக்குள் போயாக வேண்டும். ஈர முறையில் ஒரே துணி தண்ணீரையும் இழுக்க வேண்டும், அதிகப்படி வேக்ஸையும் இழுக்க வேண்டும். ரூஃப், பானெட் வரை அது நன்றாகத்தான் வேலை செய்யும். கதவுகளுக்கு வரும்போது கனத்துப் போயிருக்கும், டிக்கிக்கு வரும்போது அது எதையும் எடுப்பதில்லை, இங்கிருப்பதை அங்கே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஈரமாக இருக்கும்வரை எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும், காய்ந்து முடிந்த பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் துணி போன வழியெல்லாம் வளைவு வளைவாக எண்ணெய்ப் படலம் போலத் தெரியும். நாலைந்து துணி வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றினால் இது வராது என்பதும் உண்மை, ஆனால் அப்படிச் செய்தால் ஈர முறையில் மிச்சமாகும் நேரமும் போய்விடுகிறது. போதாததற்கு உப்புத் தண்ணீராக இருந்தால் மங்கலுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது, தண்ணீர் வற்றும்போது அதிலிருக்கும் கால்சியம் வெண்மையாகத் தங்கிவிடும்.

காய்ந்த முறையில் வேலை பிரிந்துவிடுகிறது. பரப்ப ஒரு துணி, எடுக்க ஒரு துணி. இரண்டும் மைக்ரோஃபைபர்தான், பரப்புவது குட்டை இழையாகவும் எடுப்பது கொஞ்சம் புசுபுசுவென்றும் இருந்தால் நல்லது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மடித்தால் நாலு மடிப்பாகும், உள்ளும் புறமும் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு, பாதி பானெட்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் அடியுங்கள். முதல் துணியால் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அது தானாகக் காயும்வரை விடாமல், உடனே இரண்டாவது துணியின் காய்ந்த முகத்தால் அழுத்தாமல் துடையுங்கள். துணி முதலில் லேசாகப் பிடிக்கும், இரண்டு மூன்று வீச்சுக்குப் பிறகு சட்டென்று வழுக்கும், அங்கே நிறுத்திவிடலாம். மறுபடியும் பிடிக்க ஆரம்பித்தால் அந்த முகம் நனைந்துவிட்டது என்று அர்த்தம், திருப்பிக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்குப் போகும் முன் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு பார்வை. கோடு இருந்தால் அங்கேயே தெரியும், அங்கேயே போகும். ஈர முறையில் இந்த வசதி கிடையாது, எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் மட்டும் நேராகப் பெயின்ட்டில் அடிக்காமல் துணியில் அடித்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் வேக்ஸ் பட்டால் மழையில் வைப்பர் இழுக்கும்போது மங்கலாகும். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிஸ்க்கில் சாரல் படவே கூடாது.

இவ்வளவு செய்தும் மங்கல் தங்கினால் உடனே இன்னும் கொஞ்சம் வேக்ஸை அடிக்கத் தோன்றும். அதற்கு முன் சுத்தமான துணியை லேசாக, அதுவும் உப்பில்லாத தண்ணீரில் ஈரப்படுத்தித் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் படலம் மெதுவாகத்தான் காயும், அப்போது கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு புதுத் துணியால் மறுபடி ஒரு சுற்று துடைக்க வேண்டியிருக்கும். பல தடவை அடித்து அடித்துப் படிந்துபோன பழைய படலம் என்றால் வேறு வழியில்லை, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

எது அதிக நாள் தாங்குகிறது என்று கேட்டால், என் காரில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எப்படி அடித்தாலும் ஸ்ப்ரே வேக்ஸ் சில வாரச் சமாச்சாரம்தான், மாதக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் டப்பாவில் வரும் கெட்டி வேக்ஸுக்குப் போக வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் என்றால் இரண்டு முறையுமே வேண்டாம், அதற்கென்று தனியாக வருவதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

துவைக்கும்போது இந்தத் துணிகளை மட்டும் தனியாகப் போடுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அது இழைகளில் படிந்துவிட்டால் துணியின் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும், அடுத்த முறை அந்தப் படிவே பெயின்ட்டில் கோடாக இறங்கும்.