கிராஃப் டேட்டாபேஸில் மொத்தமாகத் தரவு ஏற்ற நான்கு வழிகள்: எது தன் பிழையை வாய்விட்டுச் சொல்கிறது?

"மாற்றம் எதுவும் இல்லை, பதிவுகள் எதுவும் இல்லை." லட்சக்கணக்கான உறவுகளை ஏற்றச் சொல்லிவிட்டுக் காத்திருந்த எனக்கு நியோ4ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸின் திரையில் கிடைத்த பதில் இவ்வளவுதான். சிவப்பில் ஒரு பிழைச்செய்திகூட இல்லை. ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில்தான் கண்ணில் பட்டது. நோடுகளை (உறவுகள் இணைக்கும் புள்ளிகளை) ஏற்றும்போது அடையாள எண்ணை எழுத்தாகவே விட்டிருந்தேன். உறவுகளை ஏற்றும் கட்டளையில் மட்டும் 'டூஇன்டிஜர்' போட்டு எண்ணாக்கியிருந்தேன். நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபருக்கு மேற்கோள் குறிக்குள் இருக்கும் 10 வேறு, வெறும் 10 வேறு. ஒரு வரிகூட எந்த நோடோடும் பொருந்தவில்லை. பொருந்தாமல் போவது அதன் கணக்கில் தவறே இல்லை என்பதால், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து இந்த வழிகளை நான் வேகத்தை வைத்து எடைபோடுவதில்லை. பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பது பெரிய விஷயமல்ல. உடையும்போது எந்த ஃபைலில், எந்த வரியில், ஏன் உடைந்தது என்று எது சொல்கிறது, எது மூடி மறைக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

ஒப்பிட ஒரு பொதுவான தரவு வேண்டும். சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு வெளியிட்டிருக்கும் 'ஆஃப்ஷோர் லீக்ஸ்' தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். 2016 ஏப்ரல் 3 அன்று வெளியான பனாமா பேப்பர்ஸ் பலருக்கும் நினைவிருக்கும்: 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட். அதில் யாருக்கு யாரோடு தொடர்பு என்று தேட அவர்கள் பயன்படுத்தியது நியோ4ஜே. இன்று அந்தத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் சிஎஸ்வியாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) இறக்கிக்கொள்ளலாம். நிறுவனங்கள், அதிகாரிகள், இடைத்தரகர்கள், முகவரிகள், மற்றவை என்று ஐந்து நோட் ஃபைல்கள். உறவுகளுக்கு ஒரே ஃபைல். நிறுவனங்கள் மட்டும் 8 லட்சத்துக்கு மேல், உறவுகள் 30 லட்சத்துக்கு மேல். கையில் பிடித்துப் பார்க்கும் அளவு, அதே சமயம் அசட்டையாக எழுதிய கட்டளையைக் காட்டிக்கொடுக்கும் அளவு.

லோட் சிஎஸ்வி

எல்லோரும் முதலில் தொடுவது இதுதான்; தொடவும் வேண்டும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சைஃபரில் எழுதி ஏற்றலாம். முதல் ஐந்து வரியை மட்டும் எடுத்துத் திரையில் பார்க்கலாம். 'லைன்நம்பர்' என்ற ஃபங்ஷன் ஃபைலின் வரி எண்ணைத் தரும். பிழை தேடுகிறவனுக்கு இது பெரிய உதவி.

இதன் சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. உறவு ஃபைலில் தொடக்க எண், முடிவு எண், உறவின் வகை ஆகியவை இருக்கின்றன. ஆனால் அந்த எண் நிறுவனமா, அதிகாரியா, முகவரியா என்று ஃபைல் சொல்லாது. நோடின் வகைப் பெயரான லேபிளைப் போடாமல், தேடும் கட்டளையான 'மேட்ச்' எழுதினால், வேகமாகத் தேட வைத்திருக்கும் இண்டெக்ஸ் உதவிக்கு வராது. ஒவ்வொரு வரிக்கும் மொத்த நோடுகளையும் துழாவும். 30 லட்சம் வரிக்கு அது முடியவே முடியாத வேலை. பலர் இந்த இடத்தில்தான் "நியோ4ஜே ரொம்ப ஸ்லோ" என்று முடிவுகட்டுகிறார்கள். தீர்வு எளிது: ஐந்து வகை நோடுகளுக்கும் கூடுதலாக ஒரு பொது லேபிள் கொடுங்கள், அந்த லேபிளின் அடையாள எண் மீது ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு வையுங்கள், பிறகு உறவுகளுக்குப் போங்கள். கட்டுப்பாடு வைத்தால் இண்டெக்ஸும் கூடவே வந்துவிடும்.

ஒரே கட்டளையில் இரண்டு பக்க நோடையும் 'மெர்ஜ்' செய்து (இருந்தால் எடுத்து, இல்லாவிட்டால் உருவாக்கி), நடுவில் உறவையும் போட நினைத்தால் 'ஈகர்' என்ற படி வரும். படித்த லேபிளிலேயே எழுதவும் செய்வதால், குழப்பம் வராமலிருக்க எல்லா வரிகளையும் முதலில் நினைவகத்தில் குவித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகும். பெரிய ஃபைல் என்றால் ஹீப் என்ற நினைவகப் பகுதி நிரம்பி விழுந்துவிடும். கட்டளைக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டால் ஓட்டாமலேயே திட்டத்தைக் காட்டும். அதில் ஈகர் என்ற பெட்டி தெரிந்தால் கட்டளையைப் பிரித்துவிடுங்கள். நோடுகள் ஒரு சுற்று, உறவுகள் இன்னொரு சுற்று.

பழைய கட்டுரைகளைப் பார்த்து, தொகுதி தொகுதியாகச் சேமிக்க 'யூசிங் பீரியாடிக் கமிட்' எழுதுகிறவர்களுக்கு 5-ஆம் பதிப்பில் நேராகப் பிழைதான் வரும், அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது 'கால் இன் ட்ரான்சாக்ஷன்ஸ்'. எதுவும் சொல்லாவிட்டால் 1000 வரிக்கு ஒரு முறை கமிட் செய்யும். 5.7 முதல் இதில் பிழை வந்தாலும் தொடரச் சொல்லலாம், ஒவ்வொரு தொகுதியின் நிலையையும் அறிக்கையாகக் கேட்கலாம். ஒரு வரி கெட்டால் அந்தத் தொகுதி முழுவதும் திரும்பப் பெறப்படும் என்பதை மறக்கக் கூடாது. நான் செய்வது இது: முதலில் 10,000 வரித் தொகுதியாக ஓட்டுவேன். விழுந்த தொகுதிகளை மட்டும் ஒரு வரித் தொகுதியாக மறுபடி ஓட்டுவேன். கெட்ட வரி தனியாக வந்து மாட்டும்.

நியோ4ஜே அட்மின் இம்போர்ட்

இது சைஃபர் வழியாகப் போகாமல், சேமிப்புக் கோப்புகளை நேரடியாக எழுதுகிறது. வேகத்தில் மற்றவை கிட்டே வராது. முழு ஏற்றத்துக்கு அந்த டேட்டாபேஸ் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், காலியாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்கும் வசதி என்டர்பிரைஸ் பதிப்பில் மட்டும்.

எனக்கு இதில் பிடித்தது அதன் கண்டிப்பு. இல்லாத நோடைச் சுட்டும் உறவு வந்தால், லோட் சிஎஸ்வி சத்தமில்லாமல் விட்டுவிடும். இது நிறுத்திவிடும். தாண்டிப் போகச் சொன்னாலும், தாண்டியதையெல்லாம் ஒரு அறிக்கைக் கோப்பில் எழுதி வைக்கும். 5-ஆம் பதிப்பின் இயல்பு அமைப்பில், அப்படி விட்டவை 1000-ஐ மீறினால், 'போதும்' என்று நின்றுவிடும். அந்த எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு லட்சமாக உயர்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. உங்கள் தரவில் ஓட்டை இருக்கிறது என்று அது சொல்ல வருகிறது, காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள்.

உறவின் வகை விஷயத்திலும் இதுவே மேல். வகை நெடுவரிசைக்கு ':டைப்' என்று தலைப்பு கொடுத்தால் போதும். அதிகாரி, இடைத்தரகர், பதிவு முகவரி என எல்லாம் தானாகப் பிரிந்துவிடும். சைஃபரில் 5.26-க்கு முன்பு வகையை நெடுவரிசையிலிருந்து எடுக்க முடியாது. வகைக்கு ஒரு கட்டளை எழுத வேண்டும், அல்லது ஏபாக் என்ற துணை நூலகம் வேண்டும்.

தொல்லை தலைப்பு வரியில்தான். அடையாளம், தொடக்கம், முடிவு என்று அது கேட்கும் வடிவத்தில் முதல் வரியை மாற்ற வேண்டும். தனித் தலைப்புக் கோப்பு கொடுக்கலாம். ஆனால் பழைய தலைப்பு வரி தரவுக் கோப்பிலேயே கிடந்தால் அதுவும் ஒரு நோடாக உள்ளே போகும். உங்கள் சொந்த அலுவலகத் தரவு என்றால், வாடிக்கையாளர் 1, பொருள் 1 என்று எண்கள் மோதும். ஒவ்வொரு வகைக்கும் தனி அடையாள வெளி (ஐடி ஸ்பேஸ்) என்று பெயரிட்டுப் பிரிக்காவிட்டால், இரட்டை நோட் என்று நின்றுவிடும்.

இன்னொன்று, நேரம் தின்னும் ஒன்று. இம்போர்ட்டை ரூட் பயனராக (லினக்ஸின் முழு அதிகாரப் பயனராக) ஓட்டிவிட்டால் உருவான கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். நியோ4ஜே தன் பெயரிலான பயனராக எழும்போது அந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் டேட்டாபேஸ் தொடங்காது. இம்போர்ட் முழு வெற்றி என்று திரை சொல்லியிருக்கும். ஏன் தொடங்கவில்லை என்று தரவில் தேடிக்கொண்டிருப்பீர்கள். உரிமையாளரை மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரே ஃபைல், இரண்டு வாசிப்பு

ஒன்றில் சரியாக ஏறிய ஃபைல் மற்றொன்றில் உடையும்போதுதான் ஆட்கள் நிலைகுலைந்து போகிறார்கள். முகவரி நெடுவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறிக்குள் ஒரு முகவரி. அதன் கடைசி எழுத்து பின்சாய்கோடு. உடனே மூடும் மேற்கோள். லோட் சிஎஸ்வி இயல்பு அமைப்பில் அந்த இரண்டையும் சேர்த்து, உள்ளே இருக்கும் மேற்கோள் என்று வாசிக்கும். முகவரி முடியவில்லை என்று நினைத்து அடுத்த மேற்கோள் வரும்வரை வரிகளை விழுங்கிக்கொண்டே போகும். அட்மின் இம்போர்ட்டுக்குப் பின்சாய்கோடு வெறும் எழுத்து. அது சரியாக மூடிவிடும். உள் மேற்கோளுக்கு முன் பின்சாய்கோடு போட்டு ஏற்றுமதி செய்த ஃபைலில் இது அப்படியே தலைகீழ்: லோட் சிஎஸ்வி வாசிக்கும், அட்மின் உடையும். இரண்டிலும் மாற்றிக்கொள்ள அமைப்பு உண்டு.

முகவரிக்குள் என்டர் தட்டி வரி உடைந்திருந்தால்? லோட் சிஎஸ்வி பொறுத்துக்கொள்ளும். அட்மின் இம்போர்ட் பலவரிப் புலத்தை இயல்பாக ஏற்காது. தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். அப்படி வரி உடைந்த ஃபைலில் வரிகளின் எண்ணிக்கையும் பதிவுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது. டெர்மினலில் வரிகளை எண்ணிவிட்டு "பதிவு குறைகிறதே" என்று பதறுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

பைத்தான் டிரைவர்

ஆஃப்ஷோர் லீக்ஸில் தேதிகள் 23, ஹைபன், மார்ச்சின் மூன்றெழுத்து, ஹைபன், 2006 என்ற வடிவில் வருகின்றன. மேலே சொன்ன இரண்டுமே இதைத் தேதியாக ஏற்காது. பைத்தான் நிரல் டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் வழியாகப் போனால் ஒரு வரி வேலை. சுத்தம் செய்ய வேண்டிய தரவுக்கு இதுதான் இடம். கெட்ட பதிவைப் பிடித்துத் தனிக் கோப்பில் எழுதும் சுதந்திரமும் முழுவதும் நம் கையில்.

வரிக்கு ஒரு கட்டளை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்; சில ஆயிரம் வரிகளைப் பட்டியலாகக் கொடுத்து, 'அன்வைண்ட்' கட்டளையால் வரிவரியாகப் பிரிக்கச் செய்யுங்கள். எக்ஸலில் சேமித்த ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருந்தால், முதல் நெடுவரிசையின் பெயர் மாறிப்போகும். நாம் கேட்கும் பெயரில் மதிப்பு கிடைக்காது. 'மெர்ஜ்' வெற்று மதிப்பைக் கண்டு பிழை தரும். யூடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையில் திறந்தால் தீர்ந்தது.

வேகத்துக்காகப் பல த்ரெட்களில் (இணையாக ஓடும் வேலைகளில்) உறவுகளை எழுதினால் டெட்லாக் வரலாம். உறவு போடும்போது பூட்டுகள் எடுக்கப்படும். பல த்ரெட்கள் ஒரே நோடுகளைத் தொட்டால், ஒன்று பிடித்த பூட்டுக்காக மற்றொன்று காத்து, எதுவும் நகராமல் நின்றுவிடும். டிரைவரின் 'எக்ஸிக்யூட் ரைட்' தானாக மறுமுயற்சி செய்யும்; வெறும் 'ரன்' செய்யாது. உறவுகளை நான் ஒற்றை த்ரெட்டில்தான் எழுதுகிறேன்.

ஏபாக்

ஏபாக்கின் 'பீரியாடிக் இட்டரேட்', தொகுதி தொகுதியாக, டேட்டாபேஸுக்குள் ஏற்கெனவே இருப்பதைத் திருத்த அருமையான கருவி. ஏற்றத்துக்கு நான் கடைசியில்தான் வைப்பேன். ஒரு தொகுதி விழுந்தாலும் கட்டளை வெற்றிகரமாக முடிந்ததாகத்தான் தோன்றும். தோல்வி எண்ணிக்கையும் செய்தியும் முடிவின் நெடுவரிசைகளில் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்காவிட்டால் பாதித் தரவோடு வீட்டுக்குப் போவீர்கள்.

நியோ4ஜேயின் கிளவுட் சேவையான ஆராவில் இருப்பவர்களுக்குத் தேர்வு குறைவு: அட்மின் கட்டளையை அங்கே ஓட்ட முடியாது, லோட் சிஎஸ்வி உங்கள் கணினியில் இருக்கும் ஃபைலை வாசிக்காது, இணைய முகவரி கேட்கும். சொந்த சர்வரில் இருந்தால் இந்தத் தொகுப்புக்கு என் வரிசை இது. லோட் சிஎஸ்வியில் ஒவ்வொரு ஃபைலின் முதல் சில வரிகளை வெறுமனே படித்துப் பார்ப்பேன். பைத்தானில் தேதியையும் மேற்கோளையும் சீராக்கிப் புது ஃபைல் எழுதுவேன், பதிவுகளையும் அங்கேயே எண்ணிக்கொள்வேன். அட்மின் இம்போர்ட்டில், எதையும் தாண்டச் சொல்லாமல், ஏற்றுவேன். பிறகு கட்டுப்பாடுகள். அதன்பின் உறவு ஃபைலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து வரிகளை எடுத்து, அந்தப் பத்தும் உள்ளே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன்.