சிலம்பம் பழக முதல் கம்பு: பிரம்பா, மூங்கிலா, மரை போட்டதா?

சிலம்பம் பழகச் சேர்ந்து ஒரே மாதத்தில் நின்றுவிடுகிறவர்கள் "எனக்குக் கை வரலை" என்பார்கள். அவர்கள் பிடித்திருந்த கம்பை வாங்கிப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்: கட்டை விரல் பருமனைத் தாண்டிய மூங்கில், ஆளை விட உயரம்.

முதல் கம்புக்குப் பிரம்புதான் சரி. உள்ளே கெட்டியானது, வளைந்து கொடுக்கும், மூங்கில் மாதிரி நெடுக்கப் பிளந்து கையில் சிராய் ஏற்றாது. முதல் இரண்டு வாரம் கம்பு காதிலும் முழங்கையிலும் கெண்டைக்காலிலும் படத்தான் செய்யும். பிரம்பு பட்டால் சுரீர் என்று எரியும், அவ்வளவுதான். கனத்த மூங்கில் முன்னங்கால் எலும்பில் ஒருமுறை பட்டால் மறுநாள் பயத்தில் பிடி தானாக இறுகும். இறுகினால் மணிக்கட்டு சுழலாது, சுழலாத கம்பு மறுபடி உடம்பில்தான் வந்து விழும்.

உயரம் புருவ மட்டம். ஐந்தரை அடி ஆளுக்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட இருக்கலாம். பருமனுக்குத் தையல் டேப்பைச் சுற்றிப் பாருங்கள்: பெரியவர்களுக்குச் சுற்றளவு 6.5 செ.மீ., சிறுவர்களுக்கு 5.3 செ.மீ. போதும். பெரியவர் கம்பு 300 கிராமை ஒட்டி இருக்கும். தரையில் உருட்டினால் துள்ளாமல் ஓட வேண்டும். லேசான வளைவு இருந்தால் தணலில் வாட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். ஊசித் துளையிலிருந்து மாவு உதிர்ந்தால் பூச்சி அரித்தது, எந்த விலைக்கும் வேண்டாம்.

பிரம்பின் குறை அதன் முனை. தரையில் பட்டுப் பட்டு நார் பிரியும். வாங்கிய அன்றே இரு முனையிலும் இரண்டு அங்குலத்துக்குச் சைக்கிள் டியூப் பட்டையை இறுக்கிச் சுற்றிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், படுக்க வைப்பதே நல்லது.

பிறகு மூங்கிலுக்கு வரலாம். அடி பருத்து நுனி சிறுத்திருப்பதால் அதன் சமநிலைப் புள்ளி நடுவில் இருக்காது. ஒரு விரலில் நிறுத்திப் பார்த்து, நடுவிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் விலகினால் வேறு கம்பு எடுங்கள். தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், கரகரத்தால் எங்கோ விரிசல்.

மரை போட்ட, அதாவது துண்டுகளைத் திருகி இணைக்கும் அலுமினியக் கம்பு பஸ்ஸில் கொண்டுபோக வசதி. வேறு நல்லது சொல்ல ஒன்றுமில்லை. சுழற்றச் சுழற்ற மரை தளரும், இணைப்பு கை பிடிக்கிற இடத்திலேயே வந்து உள்ளங்கையைத் தேய்க்கும்.

கம்பு சரியாக அமைந்தாலும் முதல் சில நாள் அதைத் தொடாமல் காலடி மட்டும் பழகுவது பலன் தரும். பிறகு ஒரு கையில் பக்கவாட்டுச் சுற்று. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும், மற்ற மூன்றும் சுற்றுக்கேற்ப விரிந்து மூடட்டும். வலக்கையில் 50 என்றால் இடக்கையில் 100. பின்தங்குவது பெரும்பாலும் இடக்கைதான், அதைத் தள்ளிப்போட்டால் கை மாற்றும் இடத்தில் கம்பு நழுவும். தினம் 15 நிமிடம் செய்வது ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதை விட மேல். ஒரே நாளில் நீட்டினால் மணிக்கட்டு வீங்கி, அடுத்த நான்கு நாள் கம்பை எடுக்கவே தோன்றாது.

முனை தரையில் இடித்தால் முழங்கை தாழ்ந்திருக்கிறது. அக்குளில் இடித்தால் உள்ளங்கை விரியவில்லை. வேகம் கூட்டலாமா என்பதைக் காது சொல்லும்: இரு பக்கமும் 'விர்' ஒரே அளவில் கேட்கும்வரை அதே வேகம் போதும். மொட்டை மாடி என்றால் முதலில் கொடிக்கயிறுகளை அவிழ்த்துவிட்டு, சுற்றிலும் 12 அடி இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.