புவிவெப்ப மின்சாரம்: இயற்கை வெந்நீரா, சூடான வெறும் பாறையா?

பழைய வழி எளிமையானது. நிலத்தடியில் ஏற்கெனவே இருக்கும் வெந்நீரையும் நீராவியையும் கிணறு தோண்டி மேலே கொண்டுவந்து டர்பைனைச் சுழற்றுவது. இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904-இலேயே இப்படி விளக்கு எரிந்தது. இன்று கென்யா தன் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் இதிலிருந்தே பெறுகிறது. இரவிலும் ஓடும், காற்று நின்றாலும் ஓடும்.

சரி, பிறகு ஏன் உலகம் முழுவதும் சேர்த்தும் சுமார் 16 ஜிகாவாட்டோடு நிற்கிறது? சூடு, நீர், நீர் ஓடும் விரிசல் மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். எரிமலைப் பகுதிகளைத் தாண்டினால் அது அபூர்வம்.

புதிய வழிக்குச் சூடான பாறை போதும். அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி விரிசலை நாமே உண்டாக்குகிறோம். ஒரு கிணற்றில் இறங்கும் நீர் இன்னொன்றில் சூடாக ஏறும். எண்ணெய்த் துறையின் கிடைமட்டத் துளையிடலைக் கொண்டு ஃபெர்வோ நிறுவனம் 2023-இல் அமெரிக்காவின் நெவாடாவில் இதைச் செய்து காட்டியது. செலவு தொடர்ந்து குறைந்தால் 2050-க்குள் புவிவெப்பம் 800 ஜிகாவாட்டை எட்டலாம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இந்தப் பாய்ச்சல் பழைய வழியால் மட்டும் நடக்காது.

ஆனால் நிலநடுக்க அபாயத்தை லேசாக எடுக்கக் கூடாது. 2006-இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் இப்படிப் பாறைக்குள் நீரைச் செலுத்தியபோது நிலம் அதிர்ந்து திட்டமே நின்றது. 2017-இல் தென்கொரியாவின் போஹாங்கில் வந்த நிலநடுக்கத்தில் பலர் காயமடைந்தார்கள். நீர் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று ஆய்வுக்குழு கண்டறிந்தது.

வெந்நீர் வளமுள்ள நாடுகள் பழைய வழியைத் தயங்காமல் எடுக்கலாம். மற்ற நாடுகளுக்குப் புதிய வழிதான் என் தேர்வு. அதிலும் ஊரை விட்டு விலகிய இடத்தில், முதல் கிணற்றுக்கு முன்பே அதிர்வுமானிகளைப் பொருத்திவிட்டுத் தொடங்க வேண்டும்.