எங்கள் ஊர் நோயாளி விசாரிப்புக் குழு: ஏழு மாத அனுபவம்

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில், பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் நோயாளிகளை வீட்டிலும் மருத்துவமனையிலும் சென்று பார்க்கும் ஒரு குழுவை நடத்தி வருகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, கட்டணமும் கிடையாது. அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு, தொழுகைக்கு அழைக்கும் மோதினாரிடம் சொல்லி வைத்தால், திங்கள் அல்லது வியாழன் அசர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின் இருவரோ மூவரோ வீட்டுக்கு வருவார்கள். எழுபத்து நான்கு வயதான என் வாப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு, ஏழு மாதங்களாக அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போவதால், அதில் கண்ட நிறையையும் குறையையும் இங்கே எழுதுகிறேன். ஊரும் ஆட்களும் யாரென்று குறிப்பிடாமல் விடுவதே இருவருக்கும் நல்லது.

முதலில் என் எதிர்பார்ப்பு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் நோயாளியைப் பார்க்க ஆலிம்சா (மார்க்க அறிஞர்) வருகிறார் என்றால், ஒரு யாசீன் (குர்ஆன் அத்தியாயம்) ஓதுவார், ஒரு குவளைத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பார், தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுவார் என்றுதான் பொருள். உம்மாவும் அதற்கேற்பக் குவளையைக் கழுவி வைத்திருந்தார். குழுவோடு வந்த ஆலிம்சா குவளையைப் பார்க்கவில்லை; அலமாரியின் மேல் மடித்து வைக்கப்பட்டுத் தூசி படிந்திருந்த தொழுகை விரிப்பான முசல்லாவைப் பார்த்தார்.

வாப்பாவுக்கு வலது பக்கம் இயக்கமற்றுப் போயிருந்தது. பேச்சு குழறினாலும் நினைவு தெளிவாக இருந்தது. சிறுநீருக்குக் குழாய் போட்டுக் கட்டிலின் ஓரத்தில் பையைத் தொங்கவிட்டிருந்தோம். பத்து வயதிலிருந்து தொழுகையை விடாதவர் என்று ஊரில் பெயரெடுத்த மனிதர், மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாற்பது நாட்களாக ஒரு வக்துகூட, ஒரு வேளைகூடத் தொழாமல் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நோயின் சோர்வு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆலிம்சா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உணர்ச்சியுள்ள இடது கையைப் பிடித்துக்கொண்டு, "காக்கா (அண்ணா), தொழுகையை விட்டுட்டீங்களாமே?" என்று கேட்டார். பதில் வர ஒரு நிமிடம் ஆயிற்று. "இந்தப் பைய வச்சுக்கிட்டா?" என்றார் வாப்பா. நாற்பது நாட்களாக எங்களிடம் சொல்லாத சொல் அது.

"பாங்குச் சத்தம் கேக்குதா காக்கா?"

"கேக்குது."

"அப்ப உங்களையும் சேத்துத்தான் கூப்பிடுறாங்க."

இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் அதற்குப் பின் வந்த அரைமணி நேரத்தில் இருந்தது என்பேன். மூல நோயால் அவதிப்பட்ட நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழுங்கள், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன, புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸை (நபிமொழியை) அவர் எடுத்துச் சொன்னார். புத்தி தெளிவாக இருக்கும்வரை தொழுகை கடமைதான். அதன் வடிவம் மட்டும் உடலின் சக்திக்கேற்பச் சுருங்கும். நீக்க முடியாத அசுத்தம் உடலோடு இருப்பது தொழுகையை விடுவதற்குக் காரணமாகாது. சிறுநீர் நில்லாமல் வடிபவருக்கு ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) சொல்லப்பட்ட வழி இருக்கிறது: வக்து வந்த பிறகு ஒளு எனும் தண்ணீர்ச் சுத்தம் செய்து, தாமதிக்காமல் அந்த பர்ளை (கடமைத் தொழுகையை) தொழுதுவிட வேண்டும், அடுத்த பர்ளுக்கு மீண்டும் ஒளு. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் எழுந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

வலது பக்கம் ஒருக்களித்தால் தோள் வலிப்பதால், மல்லாந்து படுத்துக் கால் மக்கா திசையான கிப்லாவை நோக்கும்படியும், தலைக்கு உயரமான தலையணை வைத்து முகம் மேற்கே திரும்பும்படியும் கிடத்த வேண்டும் என்றார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "கிப்லாப் பக்கம் காலை நீட்டலாமா ஆலிம்சா?" என்று பதறினார். வெறுமனே நீட்டுவது மரியாதைக் குறைவென்றுதான் நாங்களும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். தொழுகைக்காக, வேறு வழியில்லாதவருக்கு ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்கள் காட்டும் கிடையே இதுதான் என்று அவர் விளக்கிய பிறகுதான் உம்மாவுக்கு மனம் ஆறியது. வந்த இளைஞர்கள் இருவரும் சேர்ந்து கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். அன்றைய மஃரிபை வாப்பா தலையசைவாலும் கண்ணசைவாலும் தொழுதார். குனியும் ருகூவுக்குச் சிறிதாகவும் நெற்றி பதிக்கும் சஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் தலை தாழ்ந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

அடுத்த முறை வந்தபோது அவர்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சலித்த செம்மண் கொண்டு வந்தார்கள். நெஞ்சுச் சளி கட்டி, தண்ணீர் படக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்த வாரம் அது; தண்ணீருக்குப் பதில் மண்ணால் செய்யும் தயம்மும் சுத்தத்துக்காக அந்த மண். வீட்டு வாசலில் இறங்கினால் மணல்தானே, இதை எதற்குச் சுமந்து வருகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஷாஃபி மத்ஹபில் தயம்முமுக்குத் தூசி எழும் மண் வேண்டும். அலையில் கழுவுண்ட எங்கள் கடற்கரை மணலில் கையை அடித்தால் தூசி ஒட்டாது. அதற்காக உள்நாட்டுப் பக்கம் போய் எடுத்துச் சலித்துக் காயவைத்த மண். முகத்துக்கு ஒரு முறை, முழங்கைவரை கைகளுக்கு ஒரு முறை என இருமுறை அடித்துத் தடவ வேண்டும் என்பதையும், ஒவ்வொரு பர்ளுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதையும் என் தம்பிக்குச் செய்து காட்டிவிட்டுப் போனார்கள். வாப்பாவைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டியிருந்த நாட்களில், நண்பகல் லுஹரையும் அசரையும் சேர்த்துத் தொழலாமா என்று தம்பி கேட்டான். மத்ஹபின் பிரபலமான கருத்து நோய்க்காகச் சேர்ப்பதை அனுமதிக்காது என்றும், இமாம் நவவி (ரஹ்) போன்றோர் அனுமதிக்கும் கருத்தை வலுவானதாகக் கண்டார்கள் என்றும் இரண்டையும் ஒளிக்காமல் சொல்லி, உங்களுக்கு அந்தச் சலுகை போதும் என்றார் ஆலிம்சா. ரமழானில் நோன்புக்கு ஈடாக நாளொன்றுக்கு ஒரு முத்து (அரபு முகத்தல் அளவு) அரிசி கொடுப்பதையும் அவர்களே கணக்கிட்டுத் தந்தார்கள்.

ஓதுவதைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவுமில்லை. அதிகம் சொல்லவும் எதுவுமில்லை. வலிக்கும் தோளில் வாப்பாவின் கையையே வைக்கச் செய்து, மூன்று முறை பிஸ்மியும், முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் பாதுகாவல் துஆவை (வேண்டுதலை) ஏழு முறையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். குழறிய நாக்குக்கு அதுவே ஒரு பயிற்சியாகவும் ஆனது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். குர்ஆனின் பாத்திஹா அத்தியாயம் ஓதித் தேள்கடிக்குப் பார்த்த நபித்தோழர்களான சஹாபாக்கள் கூலியாக ஆடுகளைப் பெற்றதை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஹதீஸில் இருந்தும், இவர்கள் ஒரு பைசா வாங்குவதில்லை. உம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்த தொதல் இனிப்பை மட்டும் வாங்கிப் போனார்கள்.

இனி குறைகள். குழுவிலுள்ள இளைஞர் ஒருவர் மூன்றாவது வருகையில், "பாவமெல்லாம் கழியுது அப்பா, சந்தோஷப்படுங்க" என்றார். நோய் பாவத்தைப் போக்கும் என்பது ஹதீஸில் உள்ள செய்திதான். ஆனால் முதல் நாள் இரவு முழுவதும் வலியில் உறங்காத மனிதரிடம் இருபத்தைந்து வயதுப் பையன் அதைச் சொல்லக் கேட்டபோது எனக்கே கோபம் வந்தது; வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆலிம்சா அந்தப் பையனைக் கண்டிக்காமல் ஒரு சம்பவத்தைச் சொன்னார். காய்ச்சலில் கிடந்த கிராமவாசி ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள், கவலை வேண்டாம், இன்ஷா அல்லாஹ் இது உம்மைத் தூய்மைப்படுத்தும் என்றபோது, அந்த முதியவர், இல்லை, இது கொதிக்கும் காய்ச்சல், என்னை மண்ணறைக்குக் கொண்டுபோகும் என்று மறுத்தார். அப்படியானால் அப்படியே என்று நபியவர்கள் சொன்னார்கள். நோயாளி எதிர்த்துப் பேசவும் இடமுண்டு என்று கேட்டதும் வாப்பா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார். அந்தப் பையன் அடுத்த முறையிலிருந்து பேசுவதைக் குறைத்துக் கால் பிடித்துவிடுகிறார், அதில் கெட்டிக்காரர்.

இன்னொரு முறை ஒருவர் கைப்பேசியை எடுத்து, ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக வாப்பாவைப் படம் பிடித்தார். உம்மா கேட்டு அழிக்க வைத்தார். வாய் கோணியிருக்கும் முகத்தை ஊர் முழுக்கப் பார்ப்பதற்கா விசாரிக்க வருகிறார்கள்? அதன் பிறகு எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

மருந்து விஷயத்தில் இவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இவர்கள் வருவதற்கு முன், வேறோர் ஊரிலிருந்து உறவினர் அழைத்து வந்த ஒருவர், தாயத்துக் கட்டிப் பெருந்தொகை வாங்கியதோடு, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்றும் சொல்லிச் சென்றார். நாங்களும் மூன்று நாள் நிறுத்தினோம். நான்காம் நாள் ராமநாதபுரத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. ஆலிம்சா முதல் வருகையிலேயே மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான மருந்தில்லாமல் இறக்கவில்லை என்ற ஹதீஸைச் சொல்லி, மாத்திரை போடுவதும் துஆவின் பகுதி என்று வாப்பாவிடம் உறுதி வாங்கினார். ஏர்வாடி எங்களுக்குத் தொலைவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் கருகிய நாளை நினைவில் வைத்திருப்பவர்கள், துஆவையும் மருந்தையும் பிரித்துப் பேசுபவரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாப்பா ஒன்பது நாள் இருந்தபோதும் இருவர் வந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பாம்பனைச் சேர்ந்த மீனவர் ஒருவர் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தார். அவர் முஸ்லிம் அல்ல. அவரிடமும் நின்று நலம் விசாரித்தார்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் போய்ப் பார்த்தது புகாரியில் உண்டு என்பதால் இது அவர்களுக்குப் புதிதல்ல. அந்த அண்ணன் ஓதிய தண்ணீர் கேட்டார். ஆலிம்சா நர்ஸிடம் போய்க் கேட்டு, வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று அறிந்து திரும்பி, "தண்ணி ஆபரேஷனுக்குப் பெறகு, இப்ப துஆ மட்டும்" என்றார். நோயாளியின் அருகே கால்மணி நேரத்துக்கு மேல் உட்காராதது இவர்களின் இன்னொரு நல்ல பழக்கம். எங்கள் உறவினர்கள் இதைக் கற்றுக்கொண்டால் தேவலை.

எதிர் வீட்டில் ஒருவர் சகராத்தில் (மரணத் தறுவாயில்) இருந்தபோதும் இவர்களை அழைத்தார்கள். தம்பி உடனிருந்தான். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் காதருகே கலிமாவை (நம்பிக்கை உறுதிமொழியை) மெதுவாகச் சொன்னாராம்; நோயாளி உதடசைத்துச் சொன்னதும் நிறுத்திவிட்டார். இடையில் வேறு பேச்சுப் பேசினால் மட்டுமே மறுபடி நினைவூட்ட வேண்டும், சொல்லுங்கள் என்று நெருக்கக் கூடாது என்று வந்திருந்தவர்களுக்கும் விளக்கினாராம்.

பெரிய குறை ஒன்று மீதமிருக்கிறது. எட்டுப் பேரும் ஆண்கள். என் பெரியம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் கிடந்தபோது, தொடர்ந்து இரத்தம் பட்டுக்கொண்டிருக்கையில் தொழலாமா, எப்படிச் சுத்தம் செய்வது என்பது அவருடைய ஒரே கேள்வியாக இருந்தது. அதை அவர் ஆலிம்சாவிடம் கேட்கக் கூசினார். நான் தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்து, பதில் தாளில் வந்து சேர நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளும் அவர் தொழவில்லை. நபி காலத்துக் கந்தக் யுத்தத்தில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரித்ததும், மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்திருந்ததும் ருஃபைதா (ரலி) என்ற பெண்தான் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (உரையில்) சொல்கிறார்கள். எங்கள் தெருவில் மதரஸா முடித்த ஆலிமாக்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பெண்கள் குழு ஒன்று தொடங்க வேண்டும் என்று உம்மா வழியாக நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, உதவிக்கு என் பெயரையும் சேர்த்திருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்று மோதினார் சொன்னார். மாதம் இரண்டாகிறது, பதில் இன்னும் வரவில்லை.