இசப்கோல் உமி: பரம்பரைக் கொழுப்பு உள்ளவனின் மூன்று மாத அனுபவம்

என் அப்பாவுக்கு 44 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு 36 வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் 236 இருந்தது. எண்ணெய்ப் பலகாரம் அதிகம் புழங்காத வீட்டில் இது எப்படி என்று கேட்டேன். மருத்துவர் என் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை இரு விரல்களால் பிடித்துப் பார்த்து, அது தடித்திருப்பதையும் அங்கே கொழுப்பு படிந்திருப்பதையும் காட்டினார். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அள்ளியெடுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் போதிய அளவு வேலை செய்யாத இந்த மரபுக் குறைபாடு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையில் என் எல்டிஎல் 128க்கு இறங்கியது. அதை இன்னும் குறைக்க உணவுவழியில் ஏதேனும் உதவுமா என்று மருத்துவரிடம் கேட்டபின் தொடங்கியதுதான் இசப்கோல். குஜராத்தில் பெருமளவில் விளையும் ஒரு செடியின் விதை உமி இது. சர்க்கரையோ ஆரஞ்சு மணமோ சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து மருந்துக்கடையில் வாங்கினேன்.

உமி நீரில் ஊறிக் கூழாகி, குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை மீண்டும் உருவாக்கக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றைப்போல் அல்லாமல், இதன் வேலை இவ்வளவு தெளிவாகத் தெரிவதே எனக்கு நம்பிக்கை தந்தது. ஆனால், நான் வாங்கிய பெட்டியில் அச்சிட்டிருந்தது மலச்சிக்கலுக்கான அளவு மட்டுமே. கொழுப்பைக் குறைக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கிராம் கரையும் நார்ச்சத்து தேவை. அதற்கு உமியில் 10 கிராம் வரை வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, கண்ணளவாகப் போட்டுக்கொண்டிருந்தது பாதிகூட இல்லை என்று தெரிந்தது.

மதியமும் இரவும் சாப்பாட்டோடு 5 கிராம் வீதம், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுவேன். இரண்டு நிமிடம் தாமதித்தால் டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு இறுகிவிடும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. பிற மாத்திரைகள் உடலில் சேர்வதையும் இது தடுக்கக்கூடும்; அதனால் ஸ்டாட்டினை இரண்டு மணி நேரம் தள்ளி, படுக்கப்போகும்போது எடுத்துக்கொள்கிறேன். முதல் வாரம் வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டியிருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 117. ஒரு பொட்டலம் உமிக்கு இது நல்ல பலன் என்றே சொல்வேன், ஆனால் இதை 128ஓடு ஒப்பிட வேண்டுமே தவிர 236ஓடு அல்ல. மாத்திரை ஏறத்தாழப் பாதியாக்கிய இடத்தில், உமி பத்தில் ஒரு பங்குகூடக் குறைக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் அண்ணன். அவருக்கும் இதே குறைபாடுதான். ‘முழுக்க இயற்கை’ என்ற விளம்பரத்தை நம்பி, ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு, பூஞ்சையால் புளிக்கவைத்த அரிசியான சிவப்பு ஈஸ்ட் அரிசியின் மாத்திரைக்கு மாறினார். அந்த அரிசியில் உள்ள மோனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான். மாத்திரைக்கு மாத்திரை அதன் அளவு மாறும் என்பதுதான் வேறுபாடு. நான்கு மாதத்தில் அவருடைய எல்டிஎல் 200ஐத் தாண்டியது. இப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கே திரும்பிவிட்டார், அதனுடன் இசப்கோலும் சாப்பிடுகிறார். அவருடைய மகனுக்கு வயது பத்து. அடுத்த வாரம் அவனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்கிறோம்.