பேரல் முனைக் குழாய்: கிரப் ஸ்குருவா, மரையா, கிளாம்பா?

போட்டி ரைஃபிளின் முனையில் நீட்டிப்புக் குழாய் மாட்டுவது, முன்குறியைக் கண்ணிலிருந்து தள்ளி வைக்கத்தான். தூரம் கூடக் கூட, குறி பிசகுவது தெளிவாகத் தெரியும். (உதைப்பைக் குறைக்கும் பிரேக், காம்பன்சேட்டர் இரண்டுக்கும் சர்வதேச விதிகளில் ரைஃபிளுக்கு இடமில்லை.) ஏர் ரைஃபிளில் குண்டு ஏற்றும் இயந்திரப் பகுதியின் (ஆக்‌ஷன்) பின்முனையிலிருந்து குழாய் முனைவரை 850 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டமோ 0.5 மில்லிமீட்டர்தான். குழாயை மாட்டும் விதத்தில் வரும் பிழை அட்டையில் உடனே தெரிந்துவிடும்.

கிரப் ஸ்குரு, அதாவது பக்கவாட்டில் இறுக்கும் தலையில்லாத சின்னத் திருகு, மலிவு. ஆனால் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் நுனி ஒரே புள்ளியில் அழுத்துகிறது. மெல்லிய பேரலாக இருந்தால் உட்துளையே அங்கு நசுங்கும். குழாயும் ஒரு பக்கம் ஒதுங்கும். குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிற ஈயக் கீற்று இருந்தால், பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) உரசிக்கொண்டு போகிறது என்று பொருள்.

மரை வெட்டி மாட்டுவது மூன்றிலும் உறுதியானது. ஆனால் லேத்தில் முனையின் வெளிப்புறத்தைக் கடையும்போது, உலோகத்துக்குள் இருக்கும் இறுக்கம் தளர்ந்து உட்துளை மயிரிழை விரியக்கூடும். பெல்லட்டை இறுகப் பிடித்து வெளியே விட வேண்டிய இடம் அதுவே. மரை முடியும் இடத்துப் படி (தோள்) செங்குத்தாக அமையாவிட்டால் குழாய் சாய்ந்துதான் நிற்கும். வெட்டியதை மீண்டும் ஒட்டவும் முடியாது. நல்ல பேரல் கடைசல்காரர் கையில் கிடைத்தால் மட்டும் இந்த வழி.

நீலகிரியில் பயிற்சி செய்பவர்களுக்கு நான் சொல்வது பேரலைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப். சுற்றிலும் சமமாகப் பிடிக்கிறது, தழும்பு இல்லாமல் கழன்று வருகிறது. இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி, கால் சுற்றாக இறுக்க வேண்டும். அப்போது பேரலை மரக்கட்டை வைத்து வைஸில் பிடியுங்கள். ரைஃபிளின் உடலைப் பிடித்து முறுக்கினால் பேரல் பொருந்தும் இடம் நெகிழும்.

மலைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. வெப்பநிலை மாறும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், சுருங்கும். மேட்டுப்பாளையத்து வெயிலில் இறுக்கிய அலுமினிய கிளாம்ப், ஜனவரி மாத ஊட்டிக் காலையில் இன்னும் இறுகிப் பேரலை நெரிக்கும். அதனால் சுடும் இடத்தில், சுடும் நேரத்துக் குளிரில் வைத்தே இறுக்க வேண்டும்.

ஜூன் மாதம் தொடங்கினால் மூடுபனியின் ஈரம் குழாய்க்குள் தங்கிவிடும். ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்த நிலை) மாறிவிடும் என்று பயந்து பலர் மழைக்காலம் முழுவதும் அதைத் தொடுவதே இல்லை. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம். பேரலிலும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவைத்தால், கழற்றித் துடைத்து எண்ணெய் தடவியபின் கிட்டத்தட்ட அதே இடத்தில் மாட்டிவிடலாம். மிச்சப் பிசகை நாலைந்து குண்டில் சரிசெய்யலாம். முனையில் துருக்குழி விழுந்துவிட்டால் பேரலை வெட்டிப் புது முனை கடைய வேண்டியிருக்கும்.