பனியன் குடோனுக்கு ஒரு பார்கோடு அச்சுப்பொறி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

85 அளவு வெள்ளை பனியனையும் 90 அளவையும் பெட்டியைப் பிரிக்காமல் வேறுபடுத்திச் சொல்லத் திருப்பூரில் எங்கள் குடோனில் இருக்கும் எவராலும் முடியாது. பெட்டியும் நிறமும் ஒன்றே; எடையிலும் கைக்குத் தெரியும்படியான வேறுபாடு இல்லை. பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதப்பட்ட எண் ஒன்றே ஆதாரமாக இருந்தது. அந்த எண்ணைப் பேக்கிங்கில் ஒருவர் அவசரத்தில் கிறுக்க, லோடு ஏற்றியவர் அதை வேறாகப் படிக்க, மதுரைக்குப் போன சரக்கு லாரி வாடகையையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுத் திரும்பி வந்தது. 75 முதல் 110 வரை எட்டு அளவுகள், அவற்றில் கை வைத்தது, வைக்காதது என்று ரகங்கள் பெருகிவிட்ட நிலையில் இனி கையெழுத்தை நம்ப முடியாது என்று முடிவுசெய்து, டி.எஸ்.சி. நிறுவனத்தின் டி.டி.பி.-244 ப்ரோ என்னும் லேபிள் அச்சுப்பொறியையும் கம்பியில்லா ஸ்கேனர் இரண்டையும் வாங்கினோம்.

அச்சுப்பொறியைப் பற்றிப் பெரிய குறை எதுவும் இல்லை. 300 மீட்டர் மை ரிப்பன் ஏற்றலாம் என்பதால் பேக்கிங் மும்முரமாக நடக்கும் நாளில் அடிக்கடி நிறுத்தி மாற்ற வேண்டியதில்லை. மூடியைத் திறந்து ரோல் போடும் வேலையைப் பேக்கிங் பிரிவினர் அரை நாளில் கற்றுக்கொண்டார்கள். வாங்குமுன் புரிந்துகொள்ள வேண்டியது, இதன் அச்சு நுணுக்கம் அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்பதைத்தான். கடைகளில் பயன்படும் 13 இலக்க இ.ஏ.என். குறியீட்டில் மிக மெல்லிய கோட்டின் இயல்பான அகலம் 0.33 மி.மீ.; இந்த இயந்திரமோ அதை இரண்டு புள்ளியில், 0.25 மி.மீ. ஆகவோ, மூன்று புள்ளியில், 0.375 மி.மீ. ஆகவோதான் அச்சிட முடியும். இரண்டு புள்ளி என்பது அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவான 80 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. மூன்று புள்ளியில் அடித்தால், இருபுறமும் விட வேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்து 42 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகிறது. எனவே 50 மி.மீ. அகல ஸ்டிக்கரில் அது நிம்மதியாக அமர்கிறது. அதைவிடச் சிறிய ஸ்டிக்கர்தான் வேண்டும் என்பவர்கள் 300 புள்ளி இயந்திரத்தைப் பார்ப்பதே நல்லது. வடிவமைப்பு மென்பொருளில் குறியீட்டைப் படமாக ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்து 'அளவுக்குள் அடக்கும்' பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும்.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது இயந்திரம் அன்று, ஸ்டிக்கர் தாள். விற்ற கடைக்காரர், ரிப்பன் செலவு மிச்சம் என்று சொல்லி, வெப்பத்தில் தானே கறுக்கும் வகைத் தாளைப் பரிந்துரைத்தார். கூரியர் பார்சலில் ஒட்டப்படுவது பெரும்பாலும் அந்த வகைதான். சில நாளில் கிழித்தெறியப்படும் காகிதத்துக்கு அது போதும். எங்கள் குடோனுக்கோ தகரக் கூரை. சித்திரை வெயிலில் ஒரு நாள் பேக்கிங் மேற்பார்வையாளர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, "ஏனுங்க, மேல் ராக்குல இருக்கற பொட்டியெல்லாம் ஸ்டிக்கர் கறுத்துப் போச்சுங்க" என்றார். தாள் முழுவதும் சாம்பல் நிறமேறி, கோட்டுக்கும் இடைவெளிக்கும் வேறுபாடு மங்கி, ஸ்கேனர் எத்தனை முறை காட்டினாலும் வாய் திறக்கவில்லை. அந்த ராக்கை முழுதாக இறக்கி மறுபடி ஒட்ட மூன்று நாள் பிடித்தது. அதன்பின் வெப்பத்தில் கறுக்காத சாதாரணக் குரோமோ தாளுக்கும் மெழுகு ரிப்பனுக்கும் மாறினோம். பெட்டிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் மெழுகு அச்சு தேய்ந்ததால், இப்போது மெழுகும் பிசினும் கலந்த ரிப்பனைப் பயன்படுத்துகிறோம். செலவு கூடத்தான் செய்கிறது. என்றாலும் நான்கு மாதமாக ஒரு ஸ்டிக்கரைக்கூட இந்தக் காரணத்துக்காகத் திரும்ப ஒட்டவில்லை.

ஸ்கேனரைப் பொறுத்தவரை, லேசர் வகையைத் தவிர்த்து, படம் பிடித்துப் படிக்கும் 2டி வகையை வாங்கியது சரியான முடிவு. வாடிக்கையாளர்கள் கைபேசித் திரையில் அனுப்பும் குறியீட்டையும் க்யூஆர் குறியீட்டையும் அது படிக்கிறது. ஆனால் ஒளியின் நிறம் சிவப்பாக இருந்தால் எந்த வகை ஸ்கேனருக்கும் சிவப்புக் கோடு வெள்ளைத்தாளைப் போலத்தான் தெரியும். பெட்டியின் அலங்காரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அச்சகத்தில் பார்கோட்டையும் சிவப்பிலேயே அடித்துக் கொடுத்த ஒரு கட்டுப் பெட்டி இன்னும் மூலையில் கிடக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே தோன்றுகிறது என்பதால் டேலி கணக்கு மென்பொருளில் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. இதே வசதிதான் ஒரு வேடிக்கையான சிக்கலையும் கொண்டுவந்தது. எங்கள் எழுத்தர் தமிழில் கடிதம் தட்டச்சு செய்துவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமல் விட்ட நாளில், ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எங்கள் சரக்குக் குறியீடுகள் எல்லாம் திரையில் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக விழுந்தன. ஸ்கேனர் பழுது என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டியதில் ஒரு காலைப்பொழுதே போய்விட்டது. இப்போது உள் பயன்பாட்டுக் குறியீடுகளை வெறும் பத்து இலக்க எண்களாக்கிவிட்டோம். நாங்கள் பயன்படுத்தும் கோட் 128 என்னும் பார்கோடு முறை எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அடைப்பதால் குறியீட்டின் நீளமும் குறைந்தது. எக்செல்லில் 13 இலக்க எண்களை ஸ்கேன் செய்பவர்கள் அந்தக் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எண் சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும்.

விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு என்னால் நல்ல மதிப்பெண் தர முடியவில்லை. அச்சில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு விழத் தொடங்கியபோது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், சூடாகிப் புள்ளி புள்ளியாக அச்சிடும் பாகமான அச்சுத்தலை சேராது என்ற செய்தியே அப்போதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டால், ஸ்டிக்கர் நகரும் திசையிலேயே அமைந்த கோடுகளில் ஒன்று அதன் நீளம் முழுவதும் மெலிந்தோ பிளந்தோ போய், ஸ்கேனர் படிக்க முடியாமல் போகலாம். குறியீட்டைத் திருப்பி, கோடுகள் நகரும் திசைக்குக் குறுக்கே வரும்படி வைத்தால் அந்த வெள்ளைக் கோடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வெட்டிச் செல்லுமே தவிர, மற்ற இடத்தில் ஸ்கேனர் படித்துவிடும். விளிம்பு மங்காதிருக்க வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். புதிய தலை வரும்வரை இரண்டு வாரம் இப்படித்தான் ஓட்டினோம். இப்போது ஒவ்வொரு ரிப்பன் மாற்றும்போதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தலையைத் துடைக்கிறோம். உதிரித் தலை ஒன்றும் அலமாரியில் இருக்கிறது.